தலைகீழாய் ஒட்டிய முயல் பல்

முயல் எலி இனம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் எனக்கு மற்றது ஓடும். முப்பத்தோரு வருட வேலையில் என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "என்னம்மா, எலி மண்டையா?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தார்கள். ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினரும் அப்படித்தான் கேட்டார், டியூப் லைட் மாற்ற வந்தவரும் அப்படித்தான் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். மண்டையைத் திருப்பி மேல் முன்பற்களைக் காட்டுவேன். எலிக்கு அங்கே ஒரு ஜோடிதான். முயலுக்கு அந்த ஜோடியின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி ஒளிந்திருக்கும், குண்டூசித் தலை அளவில். பார்த்துவிட்டால் பிறகு யாரும் எலி என்று சொல்ல மாட்டார்கள். டியூப் லைட்காரர் அடுத்த மாதம் தன் மனைவியைக் கூட்டிவந்து காட்டினார். சிறப்பு விருந்தினர் தன் உரையில் மறுபடியும் எலி என்றே சொன்னார்.

என் பெயர் சகாயமேரி. சொந்த ஊர் சின்னாளப்பட்டி. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் தொல்லுயிர் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் பர்வீன், துறை மலருக்கு எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். பாறைக்குள் இருக்கும் எலும்பை உடைக்காமல், மண்ணைச் சுரண்டாமல், உள்ளே உள்ளதை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஸ்கேன் இயந்திரம் வெளியூரில் வந்துவிட்டது. எங்கள் பழைய மாதிரிகளில் சிலவற்றைப் பர்வீன் அங்கே கொண்டுபோய்ப் படம் எடுத்துவந்திருக்கிறார். "இனிமே ஊசி வச்சு நோண்டுற வேலை கொறஞ்சுரும், மேரிம்மா. நீங்க எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதி வச்சாத்தானே எங்களுக்குத் தெரியும்" என்றார். ஊசி வேலை குறைவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் கழுத்தைக் கேட்டால் அது கைதட்டும். ஆனால் அந்தப் படங்களில் ஒன்று எனக்குச் சொந்தமான விஷயம். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்து இந்த வேலைக்கு வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு சரி. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். துணியைக் கடுகளவு கிள்ளி நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். சாயத்தில் முக்கி எடுத்து அவிழ்த்தால் கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. ஒரு நாள் பேராசிரியர் நாச்சிமுத்து எங்கள் தெருவுக்கு வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் கேழ்வரகும் கடுகும் கலந்து கிடந்தது.

"ஏனுங்க, இதுல இருக்கிற கடுகை மட்டும் பொறுக்கித் தர முடியுங்களா?" என்றார்.

பொறுக்கிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். "நான் போட்டதைவிட ரெண்டு கூட இருக்குதுங்களே" என்றார். "கேழ்வரகுலயே ரெண்டு கெடந்துச்சு சார், கடையில சலிக்காமக் குடுத்துருக்கான்" என்றேன். மறுவாரம் நானும் எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேரும் தினக்கூலிக்குக் கல்லூரிக்குப் போனோம். மூன்று மாதத்தில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். செத்துப்போன மிருகத்தின் பல்லைத் தொட்டுவிட்டு வந்து சோறு பிசைய அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. எனக்கு ஒப்பியது.

இமயமலை அடிவாரக் குன்றுகளிலிருந்து மண் மூட்டைகள் ரயில் பார்சலில் வரும். சாருடைய திட்டம் அது. அந்த மண்ணுக்குள் பல லட்சம் வருடங்களுக்கு முன் வாழ்ந்து, இனத்தோடு அழிந்துபோன முயல்களின் பற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவு. மண்ணை ஊறவைத்து, சல்லடையில் தண்ணீர் விட்டு அலசி, தங்கிய பருக்கையைக் காயவைத்து, உருப்பெருக்கிக்கு அடியில் பொறுக்க வேண்டும். மூட்டைக்கு மூட்டை தண்ணீர் வேண்டும். திண்டுக்கல் நகரத்தில் வாரக்கணக்கில் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் மத்தியில், மண்ணைக் கழுவத் தண்ணீர் கேட்டால் உதை விழும். அதனால் மூட்டைகளை வண்டியில் ஏற்றி வடமதுரைப் பக்கம் சோலைமலை என்பவரின் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். அவருடைய பம்புசெட்டுத் தொட்டியில்தான் அலசல். கழுவிய தண்ணீர் வீணாகாமல் அவர் மல்லிகைப் பாத்திக்குப் போய்விடும் என்று ஒப்பந்தம்.

"மொயலு பல்லுக்கா இம்புட்டுத் தண்ணி?" என்று முதல் நாள் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கேட்டார் சோலைமலை. "இந்தக் கரட்டுப் பக்கம் போனா உசுரோடயே ஓடுதே, தாயி."

"அது வேற, இது வேறண்ணே. இது இப்ப ஒண்ணுகூட உசுரோட இல்ல."

"அப்பப் பல்லு இருந்து என்னத்துக்கு?" என்றார். நான் சல்லடையைக் குலுக்கினேன். அந்த வருடம் அவர் மல்லிகை நன்றாகப் பூத்தது. இமயமலை வண்டல் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல் ஐந்து வருடப் பாடத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். முயல் மண்டையின் கன்ன எலும்பு சல்லடை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும், அதனால் மண் ஒட்டினால் விடாது. மேல் அண்ணத்தில் எலும்பு ஒரு குறுகிய பாலம்தான், அதன் பின்னால் மூக்கின் உள்வாசல் திறந்து கிடக்கும். அந்தப் பாலத்தின் அகலத்தை வைத்தே கூண்டு முயலா காட்டு முயலா என்று சொல்லலாம். மொத்தம் இருபத்தெட்டுப் பற்கள். கீழ்த்தாடையில் முன்பல்லுக்குப் பிறகு ஒரு வெற்றிடம், அதற்குப் பின்னால் ஐந்து பற்கள் வரிசையாக. அந்த ஐந்தில் முதல் பல்தான் முயலின் ஆதார் அட்டை. அதன் மேற்பரப்பில் எனாமல் ஒரு கோலம் போட்டிருக்கும். கன்னத்துப் பக்கத்திலிருந்து ஒரு மடிப்பு உள்ளே போகும். நம் ஊர்க் காட்டு முயலில் அது நாக்குப் பக்கம்வரை ஓடிவிடும். பழைய இனங்கள் பலவற்றில் பாதி வழியில் நின்றுவிடும். இன்னும் சிலவற்றில் நடுவே தனியாக ஒரு எனாமல் வளையம் கிடக்கும். அந்தக் கோலத்தைப் படிக்கத் தெரிந்தால், ஒரே ஒரு பல்லை வைத்து அழிந்துபோன ஒரு கூட்டத்தையே பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எனக்குப் படிக்கத் தெரிந்தது. அடக்கத்துக்காக இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய முயல் மண்டைகளும் வேண்டும். மதுரை ரோட்டில் வண்டியில் அடிபட்டுச் சாகும் காட்டு முயல்களை வனத்துறை அனுமதியோடு எடுத்துவந்து, சோடா உப்பில் மெதுவாக வேகவைத்து, எலும்பைப் பிரித்தெடுப்பேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் மூக்கை உறிஞ்சுவார். "என்ன வெஞ்சனம் இன்னைக்கு? மொயலா?" என்பார். லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்தவர். அங்கே எல்லோரிடமும் தன் மனைவி பல் டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தார். நோயாளிகள் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

நாச்சிமுத்து சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தினக்கூலிக்காரியான என்னையும் முதல்வரையும் ஒரே 'ங்க' போட்டுத்தான் பேசுவார். "இது முதல் பல் சார்" என்று கொண்டுபோய்க் கொடுத்தால் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "எதை வெச்சுங்க சொல்றீங்க?" என்பார். அவ்வளவுதான். நாம் எதை வைத்துச் சொல்கிறோம் என்று சொல்லி முடிப்பதற்குள் சரியா தப்பா என்று நமக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு அட்டை. அதில் இரண்டு வரி. மேலே 'கருத்து', கீழே 'ஆதாரம்'. நிச்சயமாகத் தெரிந்ததை மையால் எழுதுவார். சந்தேகம் இருந்தால் பென்சில், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஆதாரம் என்ற வரி நிரம்பாமல் எந்தக் கருத்தும் மைக்கு மாறாது. அவருடைய அலமாரியில் பென்சில் அட்டைகள்தான் அதிகம். சில துறைத்தலைவர்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

இனி அந்தத் தாடையின் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது வருடம். இன்னும் தினக்கூலிதான். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போதுதான் அலுவலகத்தில் நகர ஆரம்பித்திருந்தது. கூடத்தில் கதிரேசன் என்று ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். வடமதுரைக்காரர், கெட்டிக்காரர், அவசரக்காரர். முயல் பற்கள்தான் அவருடைய ஆய்வேடு. வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வாய்ப்பிருந்தது. கையில் ஒரு புதுக் கண்டுபிடிப்போடு போனால் வேலை உறுதி என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மூட்டையில், கெட்டிப்பட்ட மண் உருண்டைக்குள் ஒரு கீழ்த்தாடைத் துண்டு கிடைத்தது. இடது பக்கம். கட்டைவிரல் நகத்தின் நீளம். ஐந்தில் முதல் மூன்று பற்கள் இருந்தன. இரண்டு உறுதியாக நின்றன. முதல் பல், ஆதார் அட்டை, ஆடிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த மண்ணை ஊசியால் எடுக்கும்போது அது கழன்று வந்தது. இரண்டு முனையும் உடைந்த சின்னத் தண்டு. குழியின் அடியில் மண் சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. தாடை எலும்போ வெங்காயத் தோல் மாதிரி. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஊசி போகக்கூடாது என்பது சாருடைய சட்டம். அடியை அப்படியே விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முயல் பல்லுக்கு வேர் கிடையாது. மேலே தேயத் தேய, கீழிருந்து சாகும்வரை வளர்ந்துகொண்டே வரும். தேன்குழல் அச்சிலிருந்து இறங்கும் மாவை எங்கே கிள்ளினாலும் ஒரே வடிவம் இருக்கிறதல்லவா, அப்படித்தான் அந்தத் தண்டும். மேல்முனை, அடிமுனை இரண்டிலும் ஒரே கோலம். ஆனால் தலைகீழாகத் திருப்பினால் கோலம் கண்ணாடியில் பார்த்தது போல மாறிவிடும். கன்னத்துப் பக்க மடிப்பு நாக்குப் பக்கம் போய்விடும். அதனால் எந்தப் பல் கழன்றாலும் முதல் வேலையாக அதன் மேல்முனை ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். சிவப்பு நகப்பூச்சு. இது என் சொந்த யோசனை. மை மண்ணில் மறைந்துவிடும், நகப்பூச்சு பளிச்சென்று தெரியும். சாரே பாராட்டிய யோசனை.

அன்றும் புள்ளி வைத்தேன். பல் நொறுங்காமல் இருக்கப் பசை தடவினேன். காய்ந்த பிறகு மிச்சப் பசையை, அதைக் கரைக்கும் அசிட்டோன் தொட்ட தூரிகையால் துடைத்தேன். யாரோ கூப்பிட்டார்கள், போனேன், வந்தேன். பல்லை எடுத்துக் குழிக்குள் பொருத்தி ஒட்டினேன். முன்பக்கம் குறுகல், பின்பக்கம் அகலம், அதனால் முன்பின் தவறவில்லை. படம் வரைய வசதியாக மேல்முனையை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து மழுமழுவென்று ஆக்கினேன்.

மறுநாள் நாச்சிமுத்து சார் நுண்ணோக்கியிலிருந்து வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. மடிப்பு நாக்குப் பக்கத்திலிருந்து உள்ளே போயிருந்தது. அப்படி ஒரு முயல் பல்லை யாரும் பார்த்ததில்லை.

"இந்தப் பல்லை வெளிய எடுத்தீங்களா, மேரி?"

"எடுத்தேன் சார். புள்ளி வச்சுத்தான் எடுத்தேன்."

அவர் தலையாட்டினார். என் புள்ளியை அவர் அவ்வளவு நம்பினார். அதுவரை அறிவியலுக்குத் தெரியாத முயல் இனம் ஒன்று எங்கள் கூடத்தில், என் கையில், வெளிப்பட்டுவிட்டது. கதிரேசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு மாதத்தில் கட்டுரை தயாரானது. படங்கள் வரையப்பட்டன. உறைக்குள் போட்டாயிற்று. திங்கட்கிழமை தபாலில் போக வேண்டும். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர் அச்சாகப் போகிறது என்று நான் சின்னாளப்பட்டி முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் ஸ்டெல்லாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். நகப்பூச்சு இல்லாமல் வர வேண்டும் என்று மறைக்கல்வி சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை பார்த்தால் இவள் பத்து விரலிலும் சிவப்பு. என் புட்டிதான். பக்கத்து வீட்டு ராசாத்தி, நகப்பூச்சை அழிக்கும் மருந்து ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தேன். என் மேசையின் வாசனை வந்தது.

பஞ்சில் தொட்டு ஒரு விரலைத் துடைத்தேன். சிவப்பு அப்படியே பஞ்சுக்கு வந்துவிட்டது. நகம் வெறுமையாக இருந்தது.

"அம்மா, வலிக்குது" என்றாள் ஸ்டெல்லா. அவள் விரலை நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அசிட்டோன். ஒன்பது வருடமாக ஒரு கையில் நகப்பூச்சும் ஒரு கையில் அசிட்டோனும் வைத்திருந்தவளுக்கு, ஒன்று மற்றொன்றை அழிக்கும் என்று உறைக்கவில்லை. மற்ற பற்களில் நான் பசையைத் துடைத்ததே இல்லை. இந்த ஒரு பல்லில்தான், முக்கியமான பல்லாயிற்றே, சுத்தமாக இருக்கட்டும் என்று துடைத்தேன். நான் பல்லைப் பொருத்தியபோது அதில் புள்ளி இருந்ததா? நினைவைப் பிழிந்து பார்த்தேன். வைத்தது நினைவிருந்தது. பார்த்தது நினைவில் இல்லை.

பூசை முழுக்க என் மனம் பூசையில் இல்லை. வெள்ளை உடுப்பில் என் பிள்ளை நடந்து போனபோதுகூட எனக்கு அந்தத் தபால் உறைதான் கண்ணில் நின்றது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. பேசினால் கோப்பு நின்றுவிடும். ஒன்பது வருடக் கூலி பத்தாவது வருடத்துக்கும் போகும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சாமியாருக்கு முயல் பல்லைப் பற்றி என்ன தெரியும்? சொல்ல வேண்டியவர் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன். சார், கதிரேசன் இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். புள்ளி அழிந்திருக்கலாம், பல் தலைகீழாக இருக்கலாம், கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்றேன்.

கதிரேசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "புள்ளி வச்சேன்னு சொன்னீங்கல்லக்கா. ரெண்டு மாசம் கழிச்சு வந்து இப்ப இல்லங்கிறீங்க. ஒங்களுக்கு இது ஒரு பல்லு. எனக்கு இதுதான் பொழப்பு."

"எனக்கும் இதுதான் பொழப்பு தம்பி" என்றேன்.

சார் இருவரையும் பார்த்தார். "எதை வெச்சுங்க சொல்றீங்க, மேரி?"

கண்ணாடித் தகட்டில் ஒரு புள்ளி வைத்து, காய்ந்ததும் அசிட்டோன் தொட்டுத் துடைத்துக் காட்டினேன். "சரிங்க, புள்ளி அழியும்னு தெரியுது. பல்லு தலைகீழா இருக்குன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றார். மூன்று நாள் கேட்டேன். கொடுத்தார். உறையை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

தாடையை மூடிபோட்ட ஜாடிக்குள் அசிட்டோன் நனைத்த பஞ்சோடு வைத்தேன். ஆவியிலேயே பசை மெல்ல இளகும். மறுநாள் பல் தானாகக் கையில் வந்தது. இரண்டு முனையையும் நாள் முழுக்கப் பார்த்தேன். பக்கத்தில் நான் வேகவைத்துச் சேர்த்த காட்டு முயல் தாடைகள் அத்தனையும். பல்லின் மடிப்புக்குள் பல்லே ஒரு காரை பூசி அடைத்துக்கொள்ளும். புதிதாக வளரும் அடிமுனையில் காரை மெல்லியதாக இருக்கும், மேலே வர வரத் தடிக்கும். ரோட்டில் செத்த ஒவ்வொரு முயலும் எனக்கு இதையே சொன்னது. எங்கள் பல்லில் நான் மேலே வைத்துத் தேய்த்த முனையில் காரை மெலிந்திருந்தது. குழிக்குள் போன முனையில் தடித்திருந்தது. தலைகீழாகத்தான் ஒட்டியிருந்தேன்.

புதன்கிழமை சொன்னேன். கதிரேசன் விடவில்லை. "நீங்க உப்புத்தாள்ல தேச்சீங்க, அசிட்டோன்ல ஊற வச்சீங்க. காரை அதுல போயிருக்கலாம்ல? குழியோட அடியத் தோண்டிப் பாப்போம் சார். பல்லோட மீதி உள்ள இருந்தா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சார் தாடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தோண்டினாத் தாடை ஒடைஞ்சு போயிருமுங்க. அப்புறம் கேக்கறதுக்குக் கேள்விகூட மிச்சம் இருக்காது. ஒடைக்காமப் பாக்கறதுக்கு ஒரு வழி என்னிக்காச்சும் வருமுங்க. அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றார். பிறகு உறையைப் பிரித்துக் கட்டுரையை வெளியே எடுத்தார். "சந்தேகம் இருக்கிறப்ப ஒரு முயலுக்குப் பேர் வெக்கக் கூடாதுங்க."

பல்லை நான் திருப்பி வைத்தேன். அது ஏற்கெனவே தெரிந்த, அழிந்துபோன ஒரு முயலின் பல்லாக மாறி அமைதியானது. அட்டையில் சார் பென்சிலால் எழுதினார்: 'கருத்து: பல் முதலில் தலைகீழாக ஒட்டப்பட்டது, திருத்தியவர் சகாயமேரி.' பக்கத்தில் கேள்விக்குறி. ஆதாரம் என்ற வரியை அப்படியே விட்டார்.

கோப்பு நின்றுவிடும் என்று நான் பயந்தது நடக்கவில்லை. நேர்முகத்தில் ஒருவர், "மாதிரி எதையாவது நீங்கள் கெடுத்தது உண்டா?" என்று கேட்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆணை வந்தபோதுதான் அவர் பரிந்துரையில் எழுதியதை அலுவலக எழுத்தர் படித்துக் காட்டினார். 'இவர் சொன்னால் நான் அனுப்பவிருந்த கட்டுரையையும் நிறுத்துவேன்.' அந்த ஒரு வரிக்காக இன்னொரு முப்பது வருடம் குனிந்து உட்காரலாம் என்று தோன்றியது. அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கதிரேசனுக்கு ஆய்வேடு முடிக்க இன்னும் ஒரு வருடம் ஆனது. வடக்கே அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. பிறகு அதைவிட நல்ல வேலையே கிடைத்தது, ஆனால் புது முயல் கிடைக்கவில்லை. போகும் நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம், "வாரேங்க்கா" என்று மட்டும் சொன்னார், முகத்தைப் பார்க்காமல். அவர் என்னை நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். பயந்துபோய்ப் பின்வாங்கினாள் என்று நினைத்தார். அதற்குப் பின் நான் நூற்றுக்கணக்கான பற்களைக் கழற்றிப் பொருத்தினேன், புள்ளிக்கு மை மட்டும்தான். ஒன்றில்கூடப் பிசகவில்லை. ஆனாலும் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பென்சில் கேள்விக்குறி என்னைப் பார்க்கும். சாரும் காலமாகிவிட்டார். அவர் சாகும்வரை அது பென்சிலாகவே இருந்தது. எனக்காக அவர் அதை மையாக்கவில்லை. அதில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை.

போன மாதம் பர்வீன் என்னைக் கூடத்துக்கு வரச்சொன்னார். கணினித் திரையில் அந்தத் தாடை பெரிதாக நின்றது. பக்கத்தில் கைப்பேசி ஒலிபெருக்கியில். "மேரிம்மா, கதிரேசன் சார் லைன்ல இருக்காங்க. படத்தை அவங்களுக்கும் அனுப்பியிருந்தேன்" என்றார்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" இருபது வருடத்துக்கு மேலாகியும் வடமதுரைக் குரல் மாறவில்லை. "நீங்க சொன்னது சரிக்கா. பல்லு தலைகீழாத்தான் இருந்திருக்கு. நீங்க திருப்பி வச்சதுதான் சரி."

எனக்கு வாயில் தானாக வந்தது. "எதை வெச்சுங்க சொல்றீங்க?"

கதிரேசன் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து வேறாகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மாணவனாக இருந்தபோது சாருக்குச் சொன்னது போலவே ஒழுங்காகச் சொன்னார். குழியின் அடியில், நான் தொடாமல் விட்ட கெட்டி மண்ணுக்குள், பல்லின் மீதி ஒரு சில்லு இருக்கிறது. அதன் மடிப்பு கன்னத்துப் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது. நான் உப்புத்தாளில் தேய்த்ததில் போன மெல்லிய இடைவெளி போக, அதன் கோலமும் நான் திருப்பி வைத்த பல்லின் அடிமுனைக் கோலமும் மடிப்புக்கு மடிப்பு பொருந்துகின்றன. பர்வீன் திரையைச் சுழற்றிக் காட்டினார். பொருந்தின.

"இத்தன வருசமா நான் உங்கள நம்பலக்கா" என்றார் கதிரேசன்.

"தெரியும் தம்பி. அன்னைக்கு ஆதாரம் இல்ல, நீங்க நம்பாதது தப்பில்ல. நீங்க தோண்டச் சொன்ன எடத்துலதான் இருந்துருக்கு."

"நல்லவேள, சார் தோண்ட விடல" என்றார்.

பேசி முடித்த பிறகு பர்வீன் அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் பூத்திருந்தது. பக்கத்தில் ஒரு ரப்பரும் மைப்பேனாவும். "நீங்களே எழுதுங்க மேரிம்மா" என்றார். நான் ஓய்வு பெற்றவள், அட்டையில் எழுத எனக்கு உரிமை இல்லை என்றேன். "நாங்க கேக்குறோம்ல" என்றார்.

கேள்விக்குறியை மட்டும் அழித்தேன். சாருடைய எழுத்தின் மேலேயே, கோடு பிசகாமல், மையை ஓட்டினேன். பிறகு அத்தனை வருடம் வெறுமையாகக் கிடந்த கீழ் வரியில் எழுதினேன்: 'ஆதாரம்: பல்லின் மீதி, குழிக்குள்ளேயே உள்ளது.'